கறளுக்குத் திகதி இல்லை

டூங்கபி என்ற பெயர் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான டாருக் மக்களிடமிருந்து வந்தது. நீருக்கு அருகிலுள்ள இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1791இல் கைதிகளைக் கொண்டு இங்கே அரசாங்கப் பண்ணை தொடங்கப்பட்டபோதும் ஓடையை அண்டித்தான் தொடங்கப்பட்டது. இன்று அந்த ஓடை வீட்டு வேலிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. ஆனால் பென்டில் ஹில் தாண்டி ரயில் டூங்கபியை நெருங்கும்போது சன்னலால் பார்த்தால், பின்வளவுகளில் நீல வட்டங்களாகத் தண்ணீர் தெரியும். நிலத்தைத் தோண்டாமல், புல்லின்மேல் மணல் பரப்பி, தகரச் சுவர் நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரித்து நிரப்பிய நீச்சல் தடாகங்கள் அவை. சிலவற்றில் பிள்ளைகள் குதிப்பார்கள். சிலவற்றில் யூக்கலிப்டஸ் இலை மிதக்கும்.

அந்தத் தடாகங்கள் கெட்டுப்போகும் விதத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். உருக்குத் தகடு வெட்டும் வேலைத்தளம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவன் என்பதால் அவற்றைக் கழற்றவும் பூட்டவும் என்னைக் கூப்பிடுவார்கள். தகட்டைப் பார்க்கப் போன இடங்களில் என்னோடு திரும்பி வந்தது ஒரு கேள்வி. ஒருவரும் ஒன்றும் செய்யாமலே ஒரு தீங்கு வளர்ந்து வந்தால், அதற்கு யார் பொறுப்பு?

முதலில் இந்தத் தடாகம் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றைத் தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் உடனே விளங்கும். கிணறு பூமிக்குள் இருக்கிறது. சுற்றிவரச் சுண்ணக்கல்லும் மண்ணும் நின்று அதைப் பிடித்திருக்கின்றன. கட்டு வெடித்தாலும், ஒரு பக்கம் சரிந்தாலும், தண்ணீர் எழுந்து எவர்மேலும் பாயாது. நிலத்துக்கு மேல் நிற்கும் தடாகத்துக்கு அந்தத் துணை இல்லை. 4.5 மீற்றர் விட்டமும் 1.2 மீற்றர் ஆழமும் உள்ள ஒரு வட்டத் தடாகம் ஏறத்தாழ 19,000 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அது 19 தொன். அந்தத் தண்ணீர் வெளியே தள்ளுவதைத் தாங்கி நிற்பது, பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய உருக்குத் தகடு.

சுற்றிவர நிற்கும் கம்பங்கள்தான் தாங்குகின்றன என்று பார்ப்பவர் நினைப்பார். வட்டத் தடாகத்தில் பெரும்பாரம் தகட்டுக்கே. பீப்பாயைச் சுற்றிப் போட்ட வளையம்போல அது எந்நேரமும் இழுபட்டபடி நிற்கிறது. நான் சொன்ன அளவுத் தடாகத்தின் அடிவிளிம்பில் பத்து சென்ரிமீற்றர் அகலப் பட்டை ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்தால், அந்த ஒரு பட்டை மட்டும் ஏறத்தாழ 260 கிலோவைத் தூக்கிப் பிடித்திருப்பதற்குச் சமமான இழுவையில் இருக்கிறது. இரவு, பகல், ஒருவரும் குளிக்காத குளிர்காலம், எல்லா நேரமும் அப்படித்தான். நல்ல தகட்டுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. ஓர் இடத்தில் அறுந்தால் மற்ற இடங்களின் பலம் உதவாது.

இனிக் கறள். தமிழ்நாட்டில் துரு என்பார்கள். எங்கள் ஊரில் கறள். தகட்டைக் காப்பதற்கு அதன்மேல் நாகம் பூசியிருப்பார்கள், அதற்கு மேல் வர்ணம். நாகம் இரும்புக்கு முன்னே தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். அது தீர்ந்த பிறகுதான் இரும்பின் முறை வரும். உள்ளே விரித்த பிளாஸ்டிக் லைனரில் ஊசித் துளை அளவு கிழிசல் இருந்தால் போதும், குளோரீனோ உப்போ கலந்த தண்ணீர் லைனருக்கும் தகட்டுக்கும் நடுவே இறங்கிவிடும். இங்கே பல தடாகங்களில் உப்பிலிருந்தே குளோரீன் எடுக்கும் கருவி பூட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரின் உப்பு கடல்நீரினதில் ஆறிலொரு பங்கோ பத்திலொரு பங்கோதான். ஆனாலும் காற்றுப் படாத இடுக்கில், காய வழியில்லாமல் தங்கினால், அதுவே போதும். ஸ்கிம்மருக்காகத் தகட்டை வெட்டிய இடம், தண்ணீர் திரும்பிவரும் குழாய் நுழையும் துளை, சுவர் உட்காரும் அடித்தண்டவாளம் ஆகிய மூன்றிலும்தான் கறள் முதலில் குடியேறும். கறளுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். ஆகவே உள்ளிருந்து வர்ணத்தைத் தள்ளும். வெளிச்சுவரில் சிறு கொப்புளங்கள் தெரியும். தெரியும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அப்போதும் தடாகம் தண்ணீர் பிடிக்கும். தகடு பாதி மெலிந்தாலும் தண்ணீர் மட்டம் ஒரு அங்குலமும் குறையாது. நேற்றுப் பிடித்தது, இன்று பிடிக்கிறது, நாளைக்கும் பிடிக்கும் என்ற கணிப்பு ஒவ்வொரு நாளும் சரியாகிக்கொண்டே போகும். ஒரு நாள் மட்டும் பிழைக்கும். அன்று தகடு மேலிருந்து கீழாகக் கிழிந்து, 19 தொன் தண்ணீர் சில நொடிகளில் ஒரே வாயால் வெளியேறும். உள்ளே நிற்கும் பிள்ளையை அந்த வாயை நோக்கித்தான் இழுக்கும். கிழிந்த தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்.

அந்த நாளுக்குப் பிறகு எல்லோரும் கேட்பது, எப்போது கெட்டது என்று. பதில் இல்லை. கிரேக்கச் சிந்தனையாளர் யூபுலிடீசின் பெயரில் ஒரு பழைய புதிர் வழங்குகிறது. மணற்குவியலில் இருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால், எந்த மணியோடு அது குவியல் இல்லாமல் போகிறது? கறளும் அப்படித்தான். எந்த ஒரு நாளையும் சுட்டி, நேற்றுவரை நல்லது, இன்று கெட்டது என்று சொல்ல முடியாது. நமது நியாய உணர்வோ செயலைத் தேடிப் பழகியது. அடித்தவன் யார், எடுத்தவன் யார், எந்த நாள், எந்த நேரம் என்றுதான் கேட்கும். கறளிடம் இந்தக் கேள்விகள் செல்லாது. அதனால் விதி என்றோ விபத்து என்றோ சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம்.

எனக்கு அது போதவில்லை. ஏன் என்பதற்கு எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வீடு மாறிப் போன ஒருவர், கழற்றிக்கொண்டு போனால் இலவசம் என்று தன் தடாகத்தைக் கொடுத்தார். வாங்கியவர் இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன், வாடகை வீட்டுக்காரர். பூட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அண்ணை, ஸ்கிம்மருக்குக் கீழ கொஞ்சம் கறள் கிடக்கு. ஏற்கெனவே ஆரோ டேப் ஒட்டி இருக்கினம். அதுக்கு மேல இன்னொரு டேப்பை ஒட்டிவிட்டால் நிக்கும்தானே?”

பழைய டேப்பை உரித்துவிட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியால் மெதுவாகத் தட்டினேன். பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது. அடித்தண்டவாளத்தோடு ஒரு முழ நீளத்துக்கு அதே கதை.

“தம்பி, டேப் லைனரைக் கீறாமல் பாக்கும். சுவரைப் பிடிக்காது,” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “சும்மா தந்தவரை நான் என்னெண்டு கேக்கிறது?” என்றார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வளர்க்கப்பட்ட சாதி நாங்கள். அந்தப் பழமொழி வாங்குபவனுக்குச் சொன்னது. நன்றி கெட்டு நடக்காதே என்பது அதன் கருத்து. கொடுப்பவன் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. மாட்டின் பல்லை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். டேப் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. எவரோ ஒருவர், லைனர் மாற்றிய ஒரு நாளில், வெறும் சுவரைக் கண்ணால் கண்டு, விரலால் தடவி, அதன்மேல் டேப்பை ஒட்டி, புது லைனரால் மூடியிருக்கிறார். கறளுக்குத் திகதி இல்லை. ஆனால் கறளைப் பார்த்த நாளுக்குத் திகதி உண்டு. மெதுவாக வளரும் தீங்குகளில் பொறுப்பு இந்தத் திகதியில்தான் தொடங்குகிறது என்பதே நான் சொல்ல வருவது.

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்” என்பது இப்படியான இடங்களில் வழமையாக வரும் பதில். கேட்பவருக்கு என்ன கேட்பதென்று தெரிந்தால்தானே கேட்பார்? லைனருக்குப் பின்னால் இருப்பதைக் கண்டவருக்கும் காணாதவருக்கும் நடுவே அறிவில் ஒரு மேடுபள்ளம் இருக்கிறது. மேட்டில் நிற்பவர்தான் பேச வேண்டும். பொய் சொல்லவில்லை என்பது அவருக்குப் போதாது. அவர் கொடுத்தது தகடும் குழாயும் மட்டுமல்லவே. இதில் பிள்ளைகளை இறக்கலாம் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாப் பொருளும் ஒரு நாள் கெடும். எல்லாவற்றையும் சந்தேகித்தால் ஒன்றையும் அனுபவிக்க முடியாது. மேற்கு சிட்னியில் கோடை என்பது விளையாட்டு இல்லை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகைக்குப் போனது. கடற்கரை எங்களுக்குத் தூரம். நிலத்தைத் தோண்டிக் கட்டும் தடாகம் எல்லோருக்கும் கட்டுபடியாகாது. இலவசமாக வந்த வட்டத் தகரம்தான் சில பிள்ளைகளின் முழுக் கோடையும். அதை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை வசதியுள்ளவன் கொடுப்பதில்லை.

இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது பயன்படுத்தாதே என்று சொல்பவருக்கான மறுப்பு. பார் என்று சொல்பவருக்கு அது பதில் ஆகாது. பார்ப்பதற்கு ஒரு மணி நேரமும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். பார்த்த பிறகு பலவீனமான இடத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். பார்க்காமல் விடும்போதும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அதைக் கறள் எடுக்கிறது.

சரி, பார்த்தால் போதுமா? புளோரிடாவின் சர்ப்சைட் நகரில் சம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு 1981இல் கட்டப்பட்டது. 2018இல் ஒரு பொறியியலாளர் அதைப் பார்த்தார். நீச்சல் தடாகத் தளத்தின் அடியில் நீர்த்தடுப்பு பழுதாகி, கீழுள்ள கொங்கிரீட்டுக்குப் பெரிய சேதம் உண்டாவதாக எழுதிக் கொடுத்தார். பிறகு குடியிருப்பாளர்கள் செலவைப் பற்றி விவாதித்தார்கள். கணக்கு ஒன்றரைக் கோடி டொலர் வரை ஏறியது. 2021 ஜூன் 24ஆம் திகதி அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி விழுந்து 98 பேர் இறந்தார்கள். வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்பதைப் பின்னர் நடந்த அரசாங்க ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே எல்லாப் பழியையும் கறள்மேல் போட முடியாது. ஆனாலும் அங்கே கண் இருந்தது, எழுத்து இருந்தது, திகதியும் இருந்தது. கண்டதற்கும் கை வைப்பதற்கும் நடுவே மூன்று வருடம் கழிந்துபோனது.

சில கேடுகள் பார்த்தாலும் தெரியாது. சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே 9ஆம் திகதி உள்ளரங்க நீச்சல் தடாகம் ஒன்றின் கொங்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தூக்கிப் பிடித்திருந்த கம்பிகள் கறள் பிடிக்காத உருக்கு. நாங்கள் எவர்சில்வர் என்று சமையலறையில் நம்பி வைத்திருக்கும் அதே குடும்பம். தடாகத்தின் ஈரக்காற்றிலுள்ள குளோரீன் சேர்மங்கள், இழுவையில் இருந்த அந்தக் கம்பிகளில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கியிருந்தன. கறள் பிடிக்காது என்ற பெயரே ஒருவரையும் உற்றுப் பார்க்க விடாது. அறிவு வளராத காலத்தில் தெரியாமல் போனதற்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. ஆனால் 1985க்குப் பிறகு அந்தக் கூரைகளைக் கட்டுவோருக்கும் பராமரிப்போருக்கும் தெரியாது என்ற சொல் செல்லாது. ஒரு தலைமுறை விலை கொடுத்துப் படித்ததை அடுத்த தலைமுறை தெரிந்துவைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நியூ சவுத் வேல்ஸின் 1992ஆம் ஆண்டு நீச்சல் தடாகச் சட்டம் கண்டிப்பானது. 300 மில்லிமீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எந்தத் தடாகத்துக்கும் பிள்ளைகள் நுழைய முடியாத வேலி வேண்டும். தடாகத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2016 ஏப்ரலில் இருந்து, தடாகமுள்ள வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ சான்றிதழும் தேவை. மூன்று வருடத்துக்குச் செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழ் வேலியை, வாயிற்கதவை, அறிவிப்புப் பலகையைப் பற்றியது. அது பல உயிர்களைக் காக்கும் நல்ல சட்டம். ஆனால் பிள்ளை தண்ணீரிடம் போவதைத்தான் அது தடுக்கிறது. சுவர் கிழிந்து தண்ணீர் பிள்ளையிடம் வருவதைப் பற்றி அந்தச் சான்றிதழ் ஒன்றும் சொல்லாது. சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாவோருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

நீரைத் தேக்கி வைத்தால் அதற்கு ஒருவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 அளவில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. தேர்தலைப் பற்றியே எல்லோரும் பேசுவோம். அந்தத் தேர்தல் எதற்காக என்று பார்த்தால், தெரிவானவர்கள் அமரும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. உறவினரையும் சேர்த்தது எனக்கு உவப்பில்லை. ஆனால் அதிலுள்ள விவேகம் பெரியது. ஏரிக்கரை எந்த நாளில் பலவீனமாகிறது என்று அவர்களாலும் சொல்ல முடியாது. ஆகவே கரைக்குத் திகதி குறிக்காமல், அதைப் பார்ப்பவருக்கும் அவர் கணக்கு ஒப்புவிப்பதற்கும் திகதி குறித்தார்கள்.

இன்னொரு உதாரணம் எங்கள் கடலுக்கு நடுவே நிற்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914 பெப்ரவரி 24ஆம் திகதி திறக்கப்பட்டது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறப் போன எங்கள் தாத்தாமார் அதன்மேல் போனவர்கள். இரும்பை அரிப்பதில் உலகிலேயே கடுமையான இடங்களில் ஒன்று அந்தக் கடல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்களைக் காற்றில் வைத்து அவை அரிபடுவதை அளக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் அதனால்தான். அந்தக் காற்றில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து வர்ணம் பூசி, பழுதான உறுப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தவர்களால் நின்றது. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதியில் அரிப்பு மிஞ்சியபோது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். இராமேசுவரத்துக்கு ரயில் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் கஷ்டப்பட்டார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்டது. பழைய பாலம் விழுந்திருந்தால் அதற்கு ஒரு திகதி கிடைத்திருக்கும், பத்திரிகையில் பெரிதாக வந்திருக்கும். விழாமல் நிறுத்தப்பட்டதால் அதன் முடிவைப் பலர் கவனிக்கவே இல்லை. சரியாகச் செய்யப்பட்ட கடமைக்குப் பெரும்பாலும் சாட்சி இருப்பதில்லை.

ஆகவே மெதுவாகக் கெடும் பொருளை வைத்திருப்பவருக்கு மூன்று கடமைகள் என்று நினைக்கிறேன். பார்க்க முடிகிற நாளில் பார்ப்பது. கண்டதை, அதில் இறங்கப் போகிறவருக்குக் கேளாமலே சொல்வது. தேவைப்பட்டால் தண்ணீரை வடித்துவிடுவது. மூன்றாவதுதான் கடினம். தண்ணீர் தெளிவாக நிற்கிறது, வெயில் எரிக்கிறது, பிள்ளைகள் உடுப்பு மாற்றிக்கொண்டு காத்திருக்கிறார்கள், சுவரோ வெளியில் பார்க்க நன்றாக இருக்கிறது. அந்த நேரத்தில் வடிப்பவன் பைத்தியக்காரன் போலத் தெரிவான். அவன் செய்தது சரியென்று காட்ட ஒரு விபத்தும் நடந்திருக்காது.

எங்கள் வீடுகளில் இந்தப் பாடம் தடாகத்தோடு நிற்பதில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அப்பாவின் நோயை மறைக்கிறோம். சொன்னால் மானம் போய்விடும் என்று கடனை மறைக்கிறோம். மேலே புது லைனர் விரித்துக் கொண்டாட்டங்களும் வைக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வீடுகளை நாளைக்கு ஏற்கப் போகும் பிள்ளைகள், எந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கிறது என்று தெரியாமலே அதற்குள் தண்ணீர் நிரப்புவார்கள். அவர்களுக்கு நாங்கள் விட்டுப்போகும் மௌனம் டேப் ஒட்டிய சுவர் மாதிரி.

அந்த வாடகை வீட்டுத் தகப்பன் தடாகத்தைப் பூட்டவில்லை. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் அழுதிருப்பார்கள். தடாகம் வைத்திருப்பவர்களிடம் நான் இப்போது ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை லைனர் மாற்றும்போது உட்சுவரைச் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். பார்த்த திகதி, கறள் கண்ட இடம், செய்த வேலை மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, பம்பின் கையேட்டோடு வையுங்கள். தடாகம் கைமாறும் நாளில் அந்தக் காகிதமும் கைமாறட்டும். அதை வாசித்துவிட்டு வாங்குபவர் வேண்டாம் என்று போய்விடக்கூடும். போகட்டும்.